வளர்த்த உயிர் போன பிறகு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நாயோ பூனையோ இல்லாத வருடம் என்று எதுவும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. பாளையங்கோட்டையில் அப்பா காலத்தில் மாடும் கோழியும் இருந்தன. எனக்குக் கல்யாணமான பிறகு செவலை, கருப்பி, சிட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்த அத்தனையையும் வழியனுப்பியும் இருக்கிறேன். அதனாலோ என்னவோ, தெரிந்தவர் வீட்டில் ஒரு நாய் படுத்துவிட்டால் டாக்டருக்கு அடுத்த போன் எனக்குத்தான் வருகிறது.

கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதிகம் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக, அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மருந்துக்கும் அதன் அளவுக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

டீச்சர், நாயோ பூனையோ சாதாரணமா எத்தனை வருஷம் இருக்கும்?

நம் நாட்டு நாய் நல்ல சாப்பாடு, தடுப்பூசி, கேட்டுக்கு உள்ளே ஒரு இடம் என்று இருந்தால் 12 முதல் 15 வருடம் இருக்கும். உருவம் பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறையும். கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இன நாய்களில் பல பத்து வயதைத் தொடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வயதைத் தாண்டும். தெருவில் இறங்கிச் சுற்றும் பூனைக்கு இந்தக் கணக்கு செல்லாது. வண்டியோ நாயோ சண்டையில் பட்ட புண்ணோ குறுக்கே வந்துவிடும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கும் நாய், அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்து பெங்களூருக்கோ துபாய்க்கோ போன பிறகு அம்மாவின் காலடியில்தான் கிழடாகும். குட்டியைத் தூக்கி வரும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

குட்டியா வாங்கிட்டு வந்தோம், பத்தே நாள்ல போயிடுச்சு. நாங்க என்ன தப்பு பண்ணோம்?

வாந்தி, ரத்தம் கலந்த நாற்றமான பேதி, சாப்பாட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் சுருண்டு படுத்தது என்றால் பெரும்பாலும் பார்வோ வைரஸாக இருக்கும். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதாவது உங்கள் வீட்டுக்கு வரும்போதே அது உடம்பில் இருந்திருக்கலாம். விற்றவர் 'ஊசி போட்டாச்சு' என்று சொல்லியிருப்பார். ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டியை அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தப்பு எங்கே என்று தேடினால் அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் வாந்தி தொடங்கிய அன்றே டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்கிற குட்டிகள் நிறைய. 'ஒரு நாள் பார்ப்போம்' என்ற அந்த ஒரு நாள்தான் பார்வோவில் பெரிய நஷ்டம். அடுத்த குட்டிக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ அதே வீட்டுல இன்னொரு குட்டி விடலாமா?

உடனே வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம், சில இடத்தில் ஒரு வருடம்கூடத் தாங்கும். சோப்புத் தண்ணீருக்கும் டெட்டாலுக்கும் அது அசையாது. சிமெண்ட் தரை, தட்டு, சங்கிலி எல்லாவற்றையும் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு குளோரின் பிளீச் திரவத்தை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். துணி, பாய், மரப்பலகை போன்றவற்றைத் தூக்கிப் போடுவதே மேல். மண் தரையையும் தோட்டத்தையும் இப்படிச் சுத்தம் செய்ய முடியாது.

மனசு கேட்கவில்லை என்றால், எல்லாத் தடுப்பூசியும் முடிந்த பெரிய நாயைத் தத்தெடுங்கள்.

கத்தவே இல்லையே, அதுக்கு வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?

கத்துவது கடைசியில்தான் வரும். நாய்க்கு வலி என்றால் ஓடாமலே மூச்சு வாங்கும், எழுந்திருக்க நேரமெடுக்கும், படி ஏறுவதற்கு முன் நின்று யோசிக்கும், காலின் ஒரே மூட்டுப் பகுதியை நக்கிக்கொண்டே இருக்கும். பூனை இன்னும் அழுத்தம். தாவி ஏறிய அலமாரிக்கு ஏறாது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும், ரோமம் சிக்குப் பிடிக்கும், கூனிக்கொண்டு ஒரு மூலையில் உட்காரும். வயதான பூனை தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் மூத்திரம் போய், எடை குறைந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிழட்டுப் பூனைகளில் நிறைய அந்த வழியாகத்தான் போகின்றன.

நம் ஊர் நாய்களுக்கு ஒரு சோதனை உண்டு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறம் போய் வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வலின்னா ஒரு பாராசிட்டமால் குடுத்துப் பாக்கலாமா?

பூனைக்கு ஒருபோதும் கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். நாய்க்கும் நம் வீட்டு ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம்; குடலும் சிறுநீரகமும் கெடும்.

பூனை சாகப்போறது தெரிஞ்சு வீட்டை விட்டுப் போயிடும்கறாங்களே?

சாவு தெரிந்து போவதில்லை. உடம்பு முடியாத பூனை, தன்னை எதுவும் தாக்காத இடமாகத் தேடி ஒளியும். கட்டில் அடி, மாடிப்படிக்குக் கீழே, பக்கத்து வீட்டு விறகடுக்கு என்று போகும். அங்கேயே முடிந்துவிட்டால் நாம் 'போய்விட்டது' என்கிறோம். ஒளிகிற பூனையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டினால் திரும்பி வருவதும் உண்டு. சிட்டு இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தாள்.

எங்க வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிட்டுப் போயிடுச்சுன்னு ஜோசியர் சொல்றாரு. நிஜமா?

இதைக் கேட்காத வருடமில்லை. வயதானவர்கள் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொண்டால் நான் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இந்தப் பதில் ஆபத்து. கண்டம் என்று முடித்துவிட்டால், போனது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயிலா, உண்ணிக் காய்ச்சலிலா, யாரோ எலி மருந்து வைத்தார்களா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதே காரணம் அடுத்ததையும் தேடி வரும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்வார்கள். நெல்லைப் பக்கம் என்றால் இராமையன்பட்டியில் கல்லூரி இருக்கிறது. தாமதிக்காமல், உடலை ஐஸ் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

ஊசி போட்டு அனுப்பி வைக்கறது பாவமில்லையா?

பாவ புண்ணியக் கணக்கை என்னால் தீர்க்க முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லலாம். 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள விலங்கின் துன்பத்தை முடித்துவைக்க இடம் கொடுக்கிறது. 2023-ன் நாய்க் கருத்தடை விதிகளும் குணமாகாத நோயோ பிழைக்க முடியாத காயமோ உள்ள தெருநாய்க்கு, தகுதியுள்ள கால்நடை மருத்துவர் மூலம் இதை அனுமதிக்கின்றன. நன்றாக இருக்கும் நாயை 'வீடு மாறுகிறோம்' என்று ஊசி போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல டாக்டர் மறுத்துவிடுவார், மறுக்கத்தான் வேண்டும்.

என் அபிப்பிராயம் கேட்டால், மூச்சுக்குத் திணறும் நாயை மூன்று நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு 'இயற்கையாகப் போனது' என்று சொல்வதில் எனக்கு நிம்மதி கிடைத்ததில்லை. கருப்பிக்கு ஊசி போட்டோம். என் மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவருக்கும் அதற்கு உரிமை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அந்த முடிவை எப்போ எடுக்கறது?

பெரும்பாலானவர்கள் 'இன்னும் வால் ஆட்டுதே' என்பதில் மாட்டிக்கொள்கிறார்கள். எவ்வளவு வலியிலும் நாய் நம்மைப் பார்த்தால் வால் ஆட்டும். அதை அளவுகோலாக வைக்க முடியாது.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு முறை வகுத்திருக்கிறார். வலி (மூச்சுத் திணறலும் இதில் அடக்கம்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். நன்றாக இருந்தால் பத்து. கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் பார்த்துக்கொண்டே போகலாம் என்கிறார். மார்க் போட்டே காலத்தை ஓட்டிய எனக்கே இது முதலில் விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் நான்கு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடும்போது, யார் மனசு எங்கே நிற்கிறது என்று தெரியும். பேச்சே அப்போதுதான் தொடங்கும்.

அது நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குள் ஒரு வரம்பு பேசி வையுங்கள். 'தானாக எழுந்து மூத்திரம் போக முடியவில்லை என்றால்', 'பிடித்த கருவாட்டையும் முகர்ந்து பார்க்கவில்லை என்றால்' என்று குறிப்பாக இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு அழுகைக்கு நடுவே எடுக்கும் முடிவுதான் பின்னால் வருடக்கணக்கில் குடைகிறது.

அந்த நேரத்துல நாங்க கூட நிக்கணுமா? என்னதான் நடக்கும்?

முதலில் மயக்கத்துக்கு ஓர் ஊசி. சில நிமிடத்தில் தூங்கிவிடும். பிறகு காலில் நரம்பு எடுத்து, மயக்க மருந்தையே மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். மூச்சு நின்று, ஓரிரு நிமிடத்தில் இதயமும் நிற்கும். கண் மூடாது. போன பிறகு ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல் தெரியலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் போகலாம். உயிர் இருக்கிறது என்று பதற வேண்டாம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்வார். முதல் மயக்க ஊசி போடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடத்தில் கேட்டால்தான் போடுகிறார்கள்.

நிற்க முடிந்தவர் நிற்கட்டும். மயங்கும்வரையாவது தெரிந்த கை ஒன்று தலைமேல் இருந்தால் அது பதறாது. நின்றே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

அபார்ட்மெண்ட்ல இருக்கோம். எங்க புதைக்கறது?

பெரிய நகரங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கான எரிமேடை வந்துவிட்டது. மாநகராட்சியின் கால்நடைப் பிரிவிலோ உங்கள் டாக்டரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். வயதான நாய் இருந்தால் இந்த விவரத்தை முன்னாலேயே விசாரித்து வைப்பது நல்லது. கோடையில் உடலை வைத்துக்கொண்டு போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

சொந்த மண் இருந்தால் மூன்று நான்கு அடி ஆழம் தோண்டுங்கள். கிணறு, வாய்க்கால் பக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய வேட்டியிலோ சேலையிலோ சுற்றிப் புதைத்து, மேலே கனமான கல் வையுங்கள், தெருநாய் தோண்டாது. தென்னம்பிள்ளை வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. முக்கியமான ஒன்று: ஊசி போட்டு அனுப்பிய உடலில் அந்த மருந்து அப்படியே இருக்கும். தோண்டித் தின்னும் நாயும் காக்காயும் செத்துவிடும். அதனால் ஆழத்தில் சிக்கனம் வேண்டாம், குப்பைத் தொட்டிப் பேச்சே வேண்டாம்.

திடீர்னு குணம் மாறி, எச்சில் வடிஞ்சு, நாலு நாள்ல செத்துடுச்சு. வெறிநோயா இருக்குமோ?

இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். துக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் செய்ய வேண்டியது இது. வெறும் கையால் உடலைத் தொடாதீர்கள். கடி, கீறல் பட்டவர், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டவர் யார் யார் என்று பட்டியல் எடுங்கள், குழந்தைகளையும் கேளுங்கள். பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 நாட்கள். தோல் கிழிந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் பூசக் கூடாது.

'நாய்தான் செத்துப்போச்சே, இனி என்ன' என்று விட்டுவிடாதீர்கள். கடித்த நாய் பத்து நாள் தாண்டியும் நலமாக இருந்தால் பயமில்லை, செத்துப்போனால்தான் பயம். மனிதருக்கு அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

நாய்க்குக் காரியம் பண்ணலாமா? தீட்டு உண்டா?

தீட்டு பங்காளிக்குத்தான் சொல்வார்கள், நாய்க்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விளக்கு வைக்கத் தோன்றினால் வையுங்கள். 'நாய்க்குப் போய்' என்று சிரிப்பவர்களுக்குச் சொல்ல நம்மிடம் நிறையவே இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அவனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கே கல் உண்டு. எத்தனையோ ராஜாக்களின் பெயர் அழிந்துபோன தேசத்தில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது!

அதே திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் போனால் லட்சுமி என்ற பசுவின் சமாதியைப் பார்க்கலாம். 1948 ஜூன் 18 அன்று அது இறந்தது. ரமணர் அதற்காகத் தமிழில் வெண்பாவே எழுதினார். பக்கத்தில் ஒரு மான், ஒரு காக்கை, ஜாக்கி என்ற நாய் மூன்றுக்கும் சமாதி உண்டு. மதுரைப் பக்கம் கோயில் காளை இறந்தால் வேட்டி போர்த்தி, மாலை போட்டு, மேளத்தோடு ஊரே கூடி அடக்கம் செய்வதைப் பார்க்கிறோம். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

எங்க அப்பா செத்தப்பகூட நான் இப்படி அழுவலக்கா. எனக்கு ஏதாவது கோளாறா?

அப்பா போனபோது வீடு நிறைய ஆள் இருந்தது. யாரோ காபி போட்டுக் கொடுத்தார்கள், பதினாறாம் நாள் வரை செய்வதற்கு வேலை இருந்தது, ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். நாய் போனால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். வந்து கதவைத் திறந்தால் வாசலில் அது இல்லை. சாதம் வடிக்கும்போது கை ஒரு பிடி அதிகம் போடுகிறது. ஒரு நாளில் இப்படி எத்தனை இடம்! அழுகையை வைத்து அப்பா மேல் இருந்த பாசத்தை அளக்காதீர்கள்.

லீவு வேண்டுமென்றால் 'வீட்டில் ஒரு இறப்பு' என்று சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் மட்டும் அசட்டையாக விடாதீர்கள். 14416 என்பது மனநல ஆலோசனைக்கான அரசின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள்.

பணம் பத்தாம வைத்தியத்தை நிறுத்திட்டோம். கொன்னுட்டோமோன்னு இருக்கு.

இதை நேரில் யாரும் கேட்பதில்லை, இரவில் போனில்தான் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்கு நாற்பதாயிரம் என்றதும் திகைக்காத வீடு எது? பிள்ளையின் பீஸையும் வாடகையையும் பார்த்துவிட்டுத்தான் மிச்சம். அதற்குக் குற்றவாளிக் கூண்டு தேவையில்லை. முடியாது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் முக்கியம். சொன்னால், வலியைக் குறைக்க மட்டும் மருந்து, அல்லது ஊசி என்று அவர் வேறு வழி காட்டுவார். வெட்கத்தில் அடுத்த தடவை போகாமலே இருந்துவிடுவதில்தான் அந்த உயிர் துடிக்கிறது.

இனி வளர்ப்பவர்களுக்கு: அரசு கால்நடை மருந்தகம் பல ஊர்களில் உண்டு. மாட்டாஸ்பத்திரி என்று பெயர் இருந்தாலும் நாய் பூனையையும் பார்ப்பார்கள். பெரிய சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, நெல்லை என்று கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு, காத்திருப்புதான் அதிகம்.

சின்னப் புள்ளகிட்ட என்ன சொல்றது? தூங்குதுன்னு சொல்லியிருக்கேன்.

மாற்றிச் சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சாவு என்பது திரும்பி வருகிற விஷயம். தூங்குகிறது என்றால் எப்போது எழுந்திருக்கும் என்று கேட்கும், தான் தூங்கவும் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறது என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'செத்துப்போச்சு, உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, இனி வராது, உன்னால இல்ல' என்று இவ்வளவு போதும். கடைசி வார்த்தையை விட்டுவிடாதீர்கள். வாலை இழுத்ததால்தான் செத்தது என்று தனக்குள் நினைத்துக்கொண்டு திரியும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். புதைக்கும் இடத்துக்கு வர ஆசைப்பட்டால் கூட்டிப் போங்கள், ஒரு பூ போடட்டும்.

இருக்கற இன்னொண்ணு சாப்பிடவே மாட்டேங்குது. அதுக்கும் துக்கமா?

2022-ல் இத்தாலியில் 426 பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. ஒரு நாய் இறந்த பிறகு மீதமிருந்த நாயிடம் மாற்றம் தெரிந்தது என்று 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, தூக்கம் கூடியது, சாப்பாடு குறைந்தது, நம்மையே ஒட்டிக்கொண்டது. நாம் அழுவதும் அதைப் பாதிக்கிறது. சாப்பாட்டு நேரத்தையும் நடைக்குப் போகும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் துக்கம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. போனதைக் கொன்ற நோய் இதற்கும் இருக்கலாம், கண்டம் பற்றிய கேள்வியில் சொன்னதுதான். நாய் சாப்பிடாமல் இரண்டு நாள் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலே போய்விடுங்கள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடினவன் வரவே இல்ல. செத்துட்டான்னு நெனைக்கவா, தேடவா?

தேடுங்கள். முதல் வாரம் வீட்டைச் சுற்றி, விடியற்காலையிலும் இரவிலும், வண்டியில் போகாமல் நடந்து தேடுங்கள். பயந்த நாய் பகலில் வெளியே வராது, கூப்பிட்டாலும் வராது. டீக்கடை, குப்பை அள்ளுபவர்கள், இரவுக் காவலாளிகள் மூவரிடமும் போட்டோ கொடுங்கள். நாய்களைக் கருத்தடைக்குப் பிடித்துச் செல்லும் மையத்திலும் பாருங்கள்.

வராதவனுக்காக அழுவது வேறு மாதிரி, அதற்கு முடிவு நாள் கிடையாது. சிலர் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு விளக்கேற்றிவிடுகிறார்கள். சிலர் கேட்டைத் திறந்தே வைக்கிறார்கள். இரண்டும் சரிதான்.

எங்க பச்சைக்கிளி செத்துப்போச்சு. இன்னொண்ணு எங்க கிடைக்கும்?

வாங்காதீர்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியை விற்பதும் வளர்ப்பதும் குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வையுங்கள், தானாக வரும்.

அடுத்தது எப்போ வாங்கலாம்? அதே கலர், அதே பேர் வெக்கலாமா?

எப்போது என்பதற்குக் கணக்கு இல்லை. அடுத்த வாரமே கொண்டுவந்தவரையும் தெரியும், இனி வேண்டாம் என்று நின்றுவிட்டவரையும் தெரியும். பார்வோவில் போயிருந்தால் மட்டும் மேலே சொன்னபடி பொறுங்கள். அதே நிறம், அதே பெயர் என்று தேடுபவர்களிடம் ஒன்று கேட்பேன்: புதியது செருப்பைக் கடிக்கும்போது 'அவன் இப்படியெல்லாம் செய்ய மாட்டான்' என்று சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். இன்னொருவர் துக்கத்தை மாற்றுவதற்காகச் சொல்லாமல் குட்டியைப் பரிசாகக் கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய என் மக செல்லமா வளத்துட்டா. வெட்டினதுல இருந்து பேச மாட்டேங்கா.

இதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் என்னிடம் இல்லை. நேர்த்திக்கடனைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எங்கள் குடும்பத்திலும் கோயில் கொடை விழா உண்டு, கிடா உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போனது ஒரு செல்லப் பிராணி. ஒரு வருடம் கிடாவுக்குப் புல் அறுத்துப் போட்டவள் அவள். 'ஆட்டுக்குப் போயா' என்று யாரும் சொல்ல வேண்டாம், கறியைத் தின்னச் சொல்லி வற்புறுத்தவே வேண்டாம். பேசாமல் இருந்தால் பேசும்வரை விடுங்கள். 'உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்' என்று ஒரு வார்த்தை அப்பா வாயிலிருந்து வந்தால் பாதி சரியாகும்.

அடுத்த கிடா வரும் நாளிலேயே இது சாமிக்கு என்று சொல்லிவிடுங்கள். பழகாதே என்று தடுத்தால் நடக்காது. வளர்ப்பு வேலையைப் பெரியவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு அறுபத்தெட்டு ஆகுது. இனிமே ஒண்ணு வளக்கலாமா? எனக்கப்புறம் யார் பாப்பா?

குட்டி வேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 15 வருடம் என்றால் உங்களுக்கு எண்பத்து மூன்று. ஏழெட்டு வயதான நாயோ பூனையோ தத்தெடுக்க ஆளில்லாமல் காப்பகங்களில் கிடக்கின்றன. எல்லோருக்கும் குட்டிதான் வேண்டும். அந்த வயது நாய் செருப்பைக் கடிக்காது, இழுத்துக்கொண்டு ஓடாது. இழப்பு சீக்கிரம் வரும் என்பது உண்மைதான். இத்தனை வருடம் பார்த்த உங்களுக்கு அது புதிதில்லை. எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் பூனையும் கிழடாகத்தான் வந்தது.

உங்களுக்கு முடியாமல் போனால் யார் என்பதைப் பேசித் தீர்த்த பிறகே கூட்டி வாருங்கள். சாப்பாடு, மருந்து, தடுப்பூசிச் சீட்டு, டாக்டர் எண் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்து, எங்கே இருக்கிறது என்றும் அதில் எழுதுங்கள். மகன் போனில் 'நான் பாத்துக்கறேம்மா' என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அடுத்த தடவை வெளியூர் போகும்போது ஒரு வாரம் அவன் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மருமகளும் வீட்டு ஓனரும் என்ன சொல்கிறார்கள் என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.